தபசுக்கு முன்னாலயா, பின்னாலயா?

என் பெரியப்பா சங்கரன்கோவில் தாலுகா ஆபீஸ் வாசலில் முப்பது வருஷம் மனு எழுதியவர். ஒரு ஸ்டூல், மடியில் பரீட்சை அட்டை, ரெண்டு பேனா, கார்பன் பேப்பர், பையில் பழைய காலண்டர். பட்டா மாறுதல், முதியோர் பென்ஷன், வரப்புத் தகராறு என்று எது வந்தாலும் அவர் முன்னால் குத்தவைத்து உட்காருவார்கள். பள்ளிக்கூடம் விட்டால் நான் நேராக அங்கேதான் போவேன். ஒரு சாயங்காலம் நடந்தது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. கிணற்றுக்குப் போகிற பாதையில் முள்ளை வெட்டிப் போட்டு அடைத்துவிட்டார்கள் என்று ஓர் ஆச்சி வந்திருந்தாள்.

"எப்பம் அடைச்சாவ ஆச்சி?"

"அது ஆச்சுய்யா, ரொம்ப நாளு."

"எந்த மாசம்?"

"நல்ல வெயிலு காலம்."

எழுதப் போன பெரியப்பா நிறுத்தினார். அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். "தபசுக்கு முன்னாலயா, பின்னாலயா?"

"கொடியேத்தின மறுநாளுய்யா. பேத்தியக் கூட்டிக்கிட்டுக் கோமதியம்மனைக் கும்பிட்டுட்டு வந்து பாக்கேன், பாதையக் காணல."

பெரியப்பா காலண்டரைப் புரட்டித் தேதியை எழுதினார். முதலில் வெயில் காலம் என்றாள், பிறகு ஆடியில் வரும் தபசுத் திருவிழாவின் கொடியேற்றம் என்றாள். அவள் பொய் சொல்லவில்லை. மாசத்தைக் கேட்டால் அவளுக்கு வராது. திருவிழாவைக் கேட்டால் நாள் தானாக வந்து நிற்கும். பேத்தி கூட இருந்தாள் என்று சாட்சியும் சேர்ந்தே வந்தது.

போன வருஷம் ஆடித்தபசுக்கு ஊருக்கு வந்திருந்த என் பள்ளித் தோழியிடம் இதைச் சொன்னேன். அவள் லண்டனில் ஈஸ்ட் ஹாம் பக்கம் ஒரு தொண்டு அமைப்பில் குடிவரவு, அகதித் தஞ்ச வழக்குகளுக்கு ஆலோசகராக இருக்கிறாள். கேட்டதும் சிரித்தாள். "இதுக்குத்தான் நாங்க வருஷக்கணக்கா படிச்சுப் பரீட்சை எழுதுதோம்" என்றாள். அவளிடம் வருகிற யாழ்ப்பாணத்துக்காரர்களிடம் அவள் கேட்பது "நல்லூர்த் தேருக்கு முன்னமோ, பிறகோ?"

அவள் எழுதிய பரீட்சை பிறந்த கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். அதில் நம் மக்கள் பட்ட பாடு நிறைய இருக்கிறது. அவர்களைச் சேர்க்காமல் அந்தக் கதையைச் சொல்ல முடியாது என்றே நினைக்கிறேன்.

பிரிட்டனில் குடிவரவு விஷயத்தில் வழி சொல்வது ஒரு காலத்தில் யாரும் செய்யக்கூடிய வேலை. வக்கீல் செய்வார், பாதிரியார் செய்வார், மளிகைக் கடை அண்ணாச்சியும் செய்வார். 1967இல் சர் ராய் வில்சன் தலைமையிலான குழு, உள்ளே விட மறுக்கப்பட்டவருக்கு மேல்முறையீடு வேண்டும் என்று சொன்னது. 1969இல் அதற்குச் சட்டம் வந்தது. மேல்முறையீடு என்று ஒன்று வந்துவிட்டால் அதை எடுத்துச் சொல்ல ஆள் வேண்டுமே. 1970இல் அரசுப் பணத்தில் ஓர் ஆலோசனைச் சேவை தொடங்கியது. அப்போது வந்து நின்ற வழக்குகளில் பெரும்பாலானவை குடும்பம் சேர்தல், படிப்பு, வேலை பற்றியவை. படிவத்தைச் சரியாக நிரப்பத் தெரிந்தால் பெரும்பாதி வேலை முடிந்தது.

1983 ஜூலைக்குப் பிறகு நிலைமை மாறியது. கொழும்பு எரிந்தது, தமிழர்கள் ராமேஸ்வரத்துக்குப் படகிலும், முடிந்தவர்கள் லண்டனுக்கு விமானத்திலும் வந்தார்கள். 1985 மே மாதம் பிரிட்டன் இலங்கையருக்கு விசாவைக் கட்டாயமாக்கியது. காமன்வெல்த் நாடுகளில் அந்தக் கதவு முதலில் சாத்தப்பட்டது இலங்கைக்குத்தான். விசா கேட்டுக் கொழும்பில் வரிசையில் நிற்கக்கூடிய நிலையிலா இருந்தார்கள், தப்பி ஓடியவர்கள்?

1987 பிப்ரவரியில் 64 தமிழர்கள் ஒரே விமானத்தில் ஹீத்ரோவில் வந்து இறங்கித் தஞ்சம் கேட்டார்கள். நாலு நாளில் அவர்களில் 58 பேரைத் திருப்பி அனுப்ப முடிவாயிற்று. விமானத்தில் ஏற்றக் கொண்டுபோனபோது, அந்தக் குளிரில், ஓடுதளத்திலேயே உடைகளைக் களைந்து உள்ளாடையோடு நின்றார்கள். அந்தப் படம் உலகப் பத்திரிகைகளில் வந்தது. வேட்டி நுனி விலகினால்கூடக் கூசுகிற மக்கள் அவர்கள். ஆங்கிலத்தில் சொல்லத் தெரியாததை உடம்பால் சொன்னார்கள். வக்கீல்கள் ஓடிப்போய் உயர் நீதிமன்றத்தில் தடை வாங்கியதால் விமானம் அவர்கள் இல்லாமல் போனது. அரசு அடுத்துச் செய்தது, உரிய ஆவணம் இல்லாதவரை ஏற்றி வரும் விமான நிறுவனத்துக்குத் தலைக்கு 1,000 பவுண்டு அபராதம் என்று அதே வருஷம் மே மாதத்தில் ஒரு சட்டம் போட்டது. தஞ்சம் கேட்டவர்களை, பெரும்பாலும் தமிழர்களை, ஹார்விச் துறைமுகத்தில் ஏர்ல் வில்லியம் என்ற கார் ஏற்றும் கப்பலில் அடைத்து வைத்தது. அக்டோபர் 16ஆம் தேதி விடியும் முன் அடித்த பெரும்புயலில் அந்தக் கப்பல் கட்டறுத்துக்கொண்டு போய்த் தரைதட்டியது. கடல் தாண்டித் தப்பி வந்தவர்கள் மறுபடி ஒரு கப்பலுக்குள், கயிறு அறுந்து, இருட்டில். இதை எப்போது நினைத்தாலும் எனக்கு வயிற்றைப் பிசையும்.

அந்த வருஷக் கடைசியில்தான் இந்தக் கதையின் முடிச்சு விழுந்தது. சிவகுமாரன் வழக்கு என்று சட்டப் புத்தகங்களில் பேர். தஞ்சம் மறுக்கப்பட்ட தமிழர்கள் சிலர் சேர்ந்து நடத்திய வழக்கு அது. 1951 அகதிகள் உடன்படிக்கையின்படி அகதி என்பவர் தகுந்த காரணமுள்ள அச்சத்தால் நாட்டை விட்டு வெளியே நிற்பவர். அந்தச் சில சொற்களுக்கு என்ன பொருள் என்பதுதான் கேள்வி.

நம்மூர்க்காரருக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். இருட்டில் ஒருவன் காலடியில் பாம்பு கிடக்கிறது என்று நடுங்குகிறான். அவன் கோழை இல்லை. அந்த இடத்தில் யார் இருந்தாலும் நடுங்குவார்கள். அந்த நடுக்கம் போதுமா, அல்லது அங்கே உண்மையிலேயே பாம்பு இருக்க வேண்டுமா? நடுக்கம் நியாயமானதாக இருந்தால் போதும் என்கிற பக்கம் சாய்ந்தது மேல்முறையீட்டு நீதிமன்றம். அன்றைக்கு உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை 1987 டிசம்பர் 16ஆம் தேதி அதை மாற்றியது. பாம்பு இருப்பதற்குத் தக்க வாய்ப்பு இருந்ததா என்று பார்க்க வேண்டும், உள்ளே இருந்து நடுங்குகிறவன் கண்ணால் மட்டும் பார்க்கக் கூடாது என்றது. பாம்பு இருந்தே தீர வேண்டும் என்று நிரூபிக்கச் சொல்லவில்லை. பாதிக்குமேல் நிச்சயம் வேண்டும் என்றுகூடச் சொல்லவில்லை. தக்க வாய்ப்பு இருந்தால் போதும். ஆனாலும் அந்த வழக்கில் தமிழர்கள் தோற்றார்கள். அந்த ஜூலையில் இந்திய இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தாகி இந்திய அமைதிப்படை யாழ்ப்பாணத்துக்குப் போயிருந்தது. நிலைமை சீராகிறது என்பது அரசின் வாதம்.

1988 பிப்ரவரியில் அவர்களில் ஐந்து பேரைக் கொழும்புக்குத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். போன இடத்தில் அவர்களில் சிலர் பிடிபட்டார்கள், அடிபட்டார்கள். பாம்பு அங்கேதான் இருந்தது.

அன்றைய சட்டப்படி, துறைமுகத்திலேயே மறுக்கப்பட்டவர் மேல்முறையீடு செய்ய வேண்டுமானால் முதலில் நாட்டை விட்டுப் போக வேண்டும். உயிருக்குப் பயந்து ஓடி வந்தவரிடம், ஊருக்குத் திரும்பிப் போய் அங்கிருந்து முறையிடு என்பது சட்டம். லண்டனில் இருந்த அவர்களுடைய வக்கீல்கள் விடவில்லை. கட்சிக்காரர்கள் கடலுக்கு அந்தப் பக்கம் ஒளிந்து வாழ, இங்கே ஆவணங்களை அடுக்கி மேல்முறையீட்டை நடத்தினார்கள். 1989 மார்ச்சில், ஐந்து பேரும் அகதிகளே, அனுப்பியிருக்கக் கூடாது என்று தீர்ப்பாயிற்று. அரசு எதிர்த்துப் பார்த்தது, பலிக்கவில்லை. அக்டோபரில் ஐவரும் லண்டனுக்குத் திரும்பினார்கள்.

இதில் நான் நிறுத்தி யோசிக்கிற இடம் ஒன்று உண்டு. அதே ஐந்து பேர், அதே உடன்படிக்கை, பிரபுக்கள் சபை வகுத்துத் தந்த அதே அளவுகோல். முதல் முறை தோல்வி, இரண்டாம் முறை வெற்றி. முதல் முறை நீதிமன்றம் பார்த்தது, அமைச்சர் எடுத்த முடிவு சட்ட முறைப்படி எடுக்கப்பட்டதா என்பதை மட்டும். இரண்டாம் முறை கேட்டவருக்கு ஒவ்வொருவர் கதைக்குள்ளும் இறங்கிப் பார்க்கிற அதிகாரம் இருந்தது. அவர் முன்னால் ஒவ்வொரு கதையும் நாள், இடம், காயம், சாட்சி என்று வைக்கப்பட்டிருந்தது. ஒருவனுடைய அச்சத்தை ஆதாரமாக மாற்றுவது தனி வேலை, அதற்குத் தனிப் படிப்பு வேண்டும் என்பது இங்கேதான் கண்கூடாயிற்று. என் தோழியின் தொழில் பிறந்த நாள் எது என்று யாராவது கேட்டால் 1989இன் அந்த மார்ச் மாதத்தைத்தான் சொல்வேன்.

இது ஒரே ஊற்றிலிருந்து வந்த ஆறு அல்ல. ஹீத்ரோ ஓடுதளத்தில் நம்மவர்கள் நின்ற அதே வாரத்தில், உகாண்டாக்காரர் ஒருவருடைய வழக்கையும் சேர்த்துக் கேட்ட பிரபுக்கள் சபை, உயிர் போகக்கூடிய முடிவு என்றால் நீதிமன்றம் அதை மிகுந்த அக்கறையோடு துருவிப் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருந்தது. அந்த ஐவரும் ஸ்ட்ராஸ்பர்க் மனித உரிமை நீதிமன்றம் வரை போனார்கள். 1991 அக்டோபர் 30ஆம் தேதி அங்கே பெரும்பான்மைத் தீர்ப்பு அவர்களுக்கு எதிராகவே வந்தது. ஆனால் வெளியே போய் முறையிடு என்கிற ஏற்பாட்டை அதற்குமேல் நியாயப்படுத்துவது கடினமாயிற்று. 1993ஆம் ஆண்டுச் சட்டம், தஞ்சம் மறுக்கப்பட்டவர் பிரிட்டனில் இருந்துகொண்டே மேல்முறையீடு செய்யும் உரிமையைக் கொடுத்தது.

உரிமை வந்ததும் கூட்டம் வந்தது. கூட்டம் வந்ததும் தரகர்கள் வந்தார்கள். புலம்பெயர்ந்த தமிழர் பேச்சில் இதற்கு ஒரு சொல்லே உண்டு: அசைலம் அடிக்கிறது. "வந்து இறங்கி அசைலம் அடிச்சாச்சு" என்பார்கள். அடித்துக் கொடுக்கவும் ஆட்கள் இருந்தார்கள். கடையின் பின்னறையில், ரொக்கம் வாங்கிக்கொண்டு, ஒருவன் கதையையே ஊர்ப் பேரை மாற்றி இன்னொருவனுக்கு எழுதிக் கொடுப்பார்கள். இதில் மாட்டிக்கொண்டவர்கள் பொய்யர்கள் மட்டும் அல்ல. உண்மையிலேயே சித்திரவதைப்பட்டவனும், தன் கதை போதாதோ என்று பயந்து விலைக்கு வாங்கிய கதையைச் சொல்லுவான். நேர்காணலில் நாலு கேள்வி கேட்டதும் அது நொறுங்கும். நொறுங்கியது வாங்கிய கதைதான். ஆனால் அதற்குப் பிறகு அவன் முதுகைத் திறந்து காட்டினாலும் நம்புவார் இல்லை. இதைவிடப் பெரிய பாவம் எனக்குத் தெரிந்து இந்தத் தொழிலில் கிடையாது.

நல்லவர்கள் மறுபக்கம் வேலை செய்தார்கள். குடிவரவு வக்கீல்களின் சங்கம் 1984லேயே தொடங்கியிருந்தது. தஞ்ச மேல்முறையீட்டை எப்படித் தயாரிக்க வேண்டும் என்பதற்கு 1997இல் ஒரு முறையான கையேடு வந்தது. அரசும் 1998 ஜூலையில் வெளியிட்ட வெள்ளை அறிக்கையில் மோசடி ஆலோசகர்களைப் பற்றி எழுதியது. 1999ஆம் ஆண்டு குடிவரவு, தஞ்சச் சட்டத்தின் ஐந்தாம் பாகம் முழுக்க இதற்காகவே. அதன்படி குடிவரவுச் சேவை ஆணையர் என்று ஒரு பதவி உண்டாயிற்று. 2001 ஏப்ரல் 30 முதல், லாபம் பார்க்காத தொண்டு அமைப்பே ஆனாலும், தகுதி பெறாதவர் குடிவரவு ஆலோசனையைத் தொழிலாகச் செய்தால் குற்றம். இரண்டு வருஷம் வரை சிறை. வக்கீல்கள் தங்கள் தொழிலுக்குரிய ஒழுங்காற்று அமைப்புக்குக் கட்டுப்பட்டவர்கள். மற்றவர்கள் இந்த ஆணையரிடம் தேற வேண்டும். 2025 ஜனவரியில் அந்த அலுவலகத்தின் பெயர் குடிவரவு ஆலோசனை ஆணையம் என்று மாறியிருக்கிறது.

இந்தத் தகுதியில் மூன்று படிகள். முதல் படியில் இருப்பவர் நேரான விண்ணப்பங்களைத்தான் தொடலாம். தஞ்ச வழக்கை எடுத்து நடத்த இரண்டாம் படி வேண்டும். தீர்ப்பாயத்தில் எழுந்து நின்று வாதாட மூன்றாம் படி. அரசு சட்ட உதவிப் பணத்தில் வேலை செய்கிறவர்களுக்கு வக்கீல் சங்கம் தனியாக ஒரு தேர்வு வைத்தது. அதிலும் உயர்நிலை என்று ஒரு படி உண்டு.

என் தோழி மூன்றாம் படியில் இருப்பவள். என்னதான் படித்தாய் என்று கேட்டேன். அவள் சொன்னதில் பாதி, தமிழர்களின் வழக்குகள். 2000 ஜனவரியில் வந்த கருணாகரன் தீர்ப்பு: ஒவ்வொரு சம்பவத்தையும் தனித்தனியாக எடைபோட்டு ஒதுக்கிவிடக் கூடாது, எல்லாவற்றையும் சேர்த்து வைத்து நாளை என்ன நடக்கலாம் என்று பார்க்க வேண்டும். 2007இல் எல்.பி. என்ற இரண்டெழுத்தால் குறிக்கப்படும் வழக்கு: கொழும்புக்குத் திரும்புகிற தமிழருக்கு ஆபத்து உண்டா என்று பார்க்க 12 அடையாளங்களைத் தொகுத்தது. பழைய கைதுப் பதிவு, தப்பி வந்த வரலாறு, உடம்பில் தழும்பு, அடையாள அட்டை இல்லாமை, புலிகள் இயக்கத்தில் உறவினர் இருப்பது, லண்டனிலிருந்து திரும்புவது என்று போகும் அந்தப் பட்டியல். போர் முடிந்த பிறகு 2013இலும் 2021இலும் வேறு வழிகாட்டு வழக்குகள் வந்து அது திருத்தப்பட்டது. பழைய பட்டியலை வைத்துக்கொண்டு இன்றைக்கு வாதாடினால் தோல்விதான். அதனால்தான் படிப்பு ஒரு தடவையோடு முடிவதில்லை.

அந்தப் பன்னிரண்டில் ஒன்று, ஒப்புதல் வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டிருப்பது. பயிற்சி இல்லாதவர் "கையெழுத்துப் போட்டீங்களா?" என்று கேட்பார். ஆமாம் என்று பதில் வரும், எழுதிக்கொள்வார். இவள் அதோடு விடுவதில்லை. எந்த மொழியில் எழுதியிருந்தது? சிங்களம். வாசிக்கத் தெரியுமா? தெரியாது. யாராவது வாசித்துச் சொன்னார்களா? இல்லை. எந்தக் கையால் போட்டீர்கள்? அந்தக் கடைசிக் கேள்வியை அவள் சொன்னபோது எனக்குப் புரியவில்லை. "வலது கை விரலை முறிச்சிருப்பாங்க. இடது கையால போட்டிருப்பாரு. அதை அவரா சொல்ல மாட்டாரு. கேட்டாத்தான் வரும்" என்றாள்.

தழும்பின் கதை இன்னும் கொடியது. உடம்பில் சூட்டுத் தழும்புகளோடு வந்த ஒரு தமிழரைப் பார்த்து, தஞ்சத்துக்காக நீயே ஆள் வைத்துப் போட்டுக்கொண்டாய் என்றார்கள். அந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2019 மார்ச் 6ஆம் தேதி அவர் பக்கம் தீர்ந்தது. தன் உடம்பில் தானே அப்படிச் சூடு போடச் சொல்வது எவ்வளவு அரிது என்பதைக் கணக்கில் எடுக்க வேண்டும். மருத்துவர் தழும்பை மட்டும் பார்க்காமல், அது எப்படி உண்டானது என்று அவர் சொல்லும் கதையோடு எவ்வளவு பொருந்துகிறது என்றும் எழுதலாம் என்றார்கள். சித்திரவதையை ஆவணப்படுத்துவதற்கு 1999இல் எழுதப்பட்ட இஸ்தான்புல் நெறிமுறையை உயர்நிலைப் பயிற்சியில் வரிவரியாகப் படிக்கிறார்கள். மருத்துவ அறிக்கையை யாரிடம் கேட்பது, என்ன கேள்வி கொடுத்து அனுப்புவது என்பது ஆலோசகர் கையில் இருக்கிறது. கேள்வி தப்பினால் அறிக்கையும் தப்பிவிடும்.

இவ்வளவு வளர்த்த பிறகு பணத்தில் கைவைத்தார்கள். வழக்கு முடிந்த பிறகுதான் சட்ட உதவிப் பணம் என்று ஏற்பாடு மாறியதில், 2010 ஜூனில் மிகப்பெரிய அகதிச் சட்ட அமைப்பு ஒன்று மூடப்பட்டது. அடுத்த ஆண்டு, 1970இல் தொடங்கிய அந்த முதல் ஆலோசனைச் சேவையின் வாரிசும். தேறிய ஆட்கள் இருந்தும் உட்கார நாற்காலி இல்லை.

இந்தப் பக்கம் வருவோம். இந்தியா 1951 உடன்படிக்கையில் சேரவில்லை. அகதிக்கென்று தனிச் சட்டமும் இல்லை. சட்டம் இல்லாததால் அந்தச் சட்டத்தைப் படித்த ஆலோசகரும் இல்லை. ஆனால் வேலை நடந்தது. இலங்கைத் தமிழர் தலைவர் தந்தை செல்வாவின் மகன், வழக்கறிஞர் சந்திரஹாசன், 1984இல் சென்னையில் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தைத் தொடங்கினார். அவர் செய்ததில் எனக்கு மிகப் பெரியதாகப் படுவது, முகாமில் இருந்த அகதிகளையே பயிற்றுவித்தது. இந்த முகாம்களில் பிறந்த பிள்ளைகளுக்கு இலங்கைப் பிறப்புப் பதிவு, குடியுரிமைச் சான்று என்று காகிதம் சேர்த்துக் கொடுத்தது, அந்தப் பிள்ளைகளின் அண்ணன்மாரும் அக்காமாரும்தான். எந்தப் பரீட்சையும் அவர்களுக்குச் சான்றிதழ் தரவில்லை. 2021இல் தமிழக அரசு அகதி முகாம் என்ற பெயரை இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. வீடுகளும் கட்டிக் கொடுத்தது. தலைமுறை தாண்டியும் குடியுரிமைக் கேள்வி அப்படியே கிடக்கிறது. மலையகத்திலிருந்து வந்த குடும்பமா, 1964 சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தில் தாத்தா விண்ணப்பித்தாரா, அந்தத் துண்டுக் காகிதம் எங்கே என்று உட்கார்ந்து கேட்க, லண்டனில் மூன்றாம் படியில் இருக்கிற மாதிரி ஆட்கள் இங்கே ஒவ்வொரு மாவட்டத்துக்கும் வேண்டும். இதை நான் மனதார விரும்புகிறேன்.

தோழி வந்திருந்த அன்று கொடியேற்றம். சாயங்காலம் அவளைப் பெரியப்பா வீட்டுக்குக் கூட்டிப் போனேன். அவருக்குக் கண் மங்கிவிட்டது, காது நன்றாகக் கேட்கிறது. அவள் என்ன வேலை பார்க்கிறாள் என்று விளக்கினாள். "அப்பம் மனு எழுதுத, அப்படித்தானம்மா?" என்றார். ஆமாம் பெரியப்பா என்றாள். வந்தவர் பேசாமலே உட்கார்ந்திருந்தால் என்ன செய்வீர்கள் என்று அவரிடம் கேட்டாள். "காப்பி வாங்கிக் குடுப்பேன். பக்கத்துல நிக்கவன அனுப்பிருவேன். கூட வந்தவன் முன்னால பொம்பளையாளு வாயத் தொறக்காது" என்றார். அவள் கைப்பையிலிருந்து நோட்டை எடுத்துக் குறித்துக்கொண்டாள்.

குறித்து முடிக்கும் முன் அவள் போன் அடித்தது. ஒரு கட்சிக்காரருக்கு ஹோம் ஆபீஸிலிருந்து மறுப்புக் கடிதம் அன்றைக்குத்தான் அனுப்பியிருக்கிறார்கள். மேல்முறையீட்டுக்கு 14 நாள். வாசல் திண்ணைக்கு வந்து விரல்விட்டு எண்ணினாள்.

"இன்னைக்குக் கொடி. தபசு முடிஞ்சு நாலாம் நாள் கடைசி" என்றாள். பிறகு டிக்கெட்டை முன்தேதிக்கு மாற்ற முடியுமா என்று என்னைப் பார்க்கச் சொன்னாள்.